‘சுத்தம் செய்தது – 1 கிலோ’

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னை அழைத்த தோழர்கள் ‘உணவு அரசியல்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். மாட்டுக்கறித் தடை, பசுக் குண்டர்கள், விடுதிகளில் நடக்கும் சண்டை என்று அந்தத் தலைப்பில் பேச இங்கே இருக்கிற யாருக்கும் என் உதவி தேவையில்லை. அதனால் இன்றைக்கு ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சமையல் குறிப்பு. வார இதழின் கடைசிப் பக்கங்களிலும், மாவுப் பாக்கெட்டின் முதுகிலும், இப்போது எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறதே, ‘தேவையான பொருட்கள்’, ‘செய்முறை’ என்று, அதுதான்.

என்னுடைய ஆய்வு தமிழில் அச்சான சமையல் புத்தகங்களைப் பற்றியது. இதைச் சொன்னதும் பலர் சிரிப்பார்கள். “முனைவர் பட்டத்துக்கு சாம்பார் வைக்கிறீங்களா?” என்று ஒரு பேராசிரியரே கேட்டிருக்கிறார். சாம்பாரில் தப்பில்லை. ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அதன் தீர்மானங்களில் படிப்பதைவிடத் ‘தேவையான பொருட்கள்’ பட்டியலில் படிப்பது எளிது. தீர்மானம் எழுதும்போது எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். உப்பு, புளி எழுதும்போது யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை.

ஒரு சின்னச் சோதனை. எந்தக் கறிக் குறிப்பை வேண்டுமானாலும் எடுங்கள். முதல் வரி இப்படித்தான் இருக்கும்: ‘மட்டன் – 1 கிலோ (சுத்தம் செய்தது)’. அந்த அடைப்புக்குறியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். யார் சுத்தம் செய்தது? எங்கே? எவ்வளவு நேரம்? தோலை யார் உரித்தார்கள், குடலை யார் அலசினார்கள், அந்தத் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போனது? இது எதுவும் குறிப்புக்குள் வராது. வெங்காயம் ‘பொடியாக நறுக்கியது’ என்று வந்தால் நறுக்குகிறவர் நீங்கள்தான் என்று புரிகிறது. கறி மட்டும் சமையலறை வாசலுக்கு வரும்போதே சுத்தமாக வந்துவிடுகிறது. சமையல் தொடங்குவது அதற்குப் பிறகுதான் என்று அந்த எழுத்து நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட உழைப்பு எல்லாம் அந்த அடைப்புக்குறிக்குள் போய் அடங்கிவிட்டது.

தமிழில் நவீன சமையல் புத்தகம் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951இல் வந்தது. ஆழாக்கு, பலம் என்று அளவு சொல்லி, ஒன்றும் தெரியாத ஒருவர்கூடச் செய்து பார்க்கும்படி எழுதப்பட்டது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு கொடுத்தனுப்பிய புத்தகம். மீனாட்சி அம்மாளை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பார்ப்பன வீடுகளில் கைம்பெண்ணுக்கு என்ன சாப்பாடு, எத்தனை வேளை என்று விதி இருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் தன் கைத்திறனை அச்சிட்டு விற்றுத் தன் காலில் நின்றது லேசான காரியமில்லை. என் கேள்வி அவரைப் பற்றியது அல்ல. அவர் எழுதியது ஒரு சாதியின் வீட்டுச் சமையல். முழுக்கச் சைவம். அது எப்படி ‘தமிழ்ச் சமையல்’ ஆனது, ‘தென்னிந்திய உணவு’ ஆனது என்பதுதான் என் கேள்வி. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் புலால் உண்பவர்கள். ஆனால் இட்லி, சாம்பார், ரசம், வத்தக்குழம்பு என்று சொன்னால்தான் வெளியில் இருப்பவர்களுக்கு நாம் யார் என்று தெரிகிறது.

புலால் சமையல் புத்தகங்களும் வராமல் இல்லை. வந்தன. அவற்றிலும் ஆடு, கோழி, மீன், நண்டு வரும். மாடு வருவது அபூர்வம். பன்றி அதைவிட அபூர்வம். ரத்தப் பொரியல் ஆட்டு ரத்தமாக இருந்தால் வரும். இந்த வரிசையையே ஒரு சாதி அடுக்காகப் படிக்கலாம்.

இப்போது யூடியூபுக்கு வாருங்கள். ‘ஐயர் வீட்டு ரசம்’, ‘செட்டியார் வீட்டுக் கோழி’, ‘கவுண்டர் வீட்டுக் கல்யாணக் குழம்பு’. சாலையோரம் போனால் சாதிப் பெயரிலேயே மெஸ். ரெட்டியார், தேவர், நாயுடு என்று பலகை தொங்கும். அந்தப் பெயர் அங்கே ஒரு ருசிக்கு உத்தரவாதம். வீட்டுப் பக்குவம் என்ற நம்பிக்கை. இதே வரிசையில் என் சாதியின் பெயரைப் போட்டு ஒரு மெஸ் பலகையைக் கற்பனை செய்து பாருங்கள். இங்கே சிலர் நெளிவது தெரிகிறது. அந்த நெளிவைத்தான் நான் பேச வந்தேன். எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. எங்கள் ஆயாவுக்கும் கைப்பக்குவம் இருந்தது. ஆனால் ‘வீட்டுச் சமையல்’ என்ற சொல்லில் இருக்கிற வீடு எங்கள் வீடு இல்லை.

பன்றிக்கறியில் இருந்து தொடங்குகிறேன், இன்றைக்கு மதியச் சாப்பாடும் அதுதான் என்பதால்.

நான் வளர்ந்தது வேலூர்ப் பக்கம். எங்கள் காலனியில் பன்றிக்கறி தினசரிச் சமாச்சாரம் இல்லை. பொங்கலுக்கு, கிறிஸ்துமஸுக்கு, எப்போதாவது யாருக்காவது கையில் காசு வரும்போது. எட்டுப் பத்துக் குடும்பம் சேர்ந்து பன்றி ஒன்றைப் பேசி முடித்து, அறுத்துக் கூறு போட்டுக்கொள்வது. கூறு போடுவது என்றால் சும்மா எடை போட்டுப் பிரிப்பது இல்லை. ஒவ்வொரு கூறிலும் தொடை கொஞ்சம், விலா கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு, தோலும் கொழுப்புமாக ஒரு பங்கு இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் மிக நேர்மையாக நடந்த பொதுக்காரியம் அதுதான்.

அறுத்த பிறகு வேலை ஆரம்பிக்கும். ஆட்டுக்குத் தோலை உரிப்பார்கள். பன்றிக்கு உரிக்க மாட்டார்கள். வைக்கோல் பரப்பி, அல்லது காய்ந்த பனையோலை போட்டு, நெருப்பில் புரட்டிப் புரட்டி மயிரைப் பொசுக்குவார்கள். தீ அதிகமானால் தோல் வெடித்துக் கொழுப்பு உருகி ஓடிவிடும். குறைந்தால் மயிர்க்கால் உள்ளேயே நின்றுவிடும். ஆள் ஒருவர் வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கத்தியால் சுரண்டுவது. கறுப்பாக இருப்பது சுரண்டச் சுரண்ட வெளிறி, கடைசியில் வெந்த வேர்க்கடலை நிறத்துக்கு வரும். மஞ்சள் பூசி மறுபடியும் ஒரு வாட்டு. இரண்டு மணி நேரம் ஆகும். அந்தப் புகைதான் தோலுக்குள் இறங்கி நிற்கிறது. கறியின் ருசியில் பாதி அது. சுத்தம் செய்கிற வேலையும் சமைக்கிற வேலையும் அங்கே பிரிந்து கிடக்கவில்லை. சுத்தம் செய்வதே சமையலின் முதல் பாகம். அந்த வேலையை ஒரு அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டால் ருசிக்கான பாதிக் காரணமும் குறிப்பிலிருந்து போய்விடும்.

குழம்புக்கு எண்ணெய் ஊற்றியதாக எனக்கு ஞாபகம் இல்லை. கொழுப்புத் துண்டுகளைச் சட்டியில் போட்டு உருக வைத்தால் அதுவே எண்ணெய். மகாராஷ்டிரத்தில் ஷாஹு பட்டோலே 2015இல் மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். மராத்வாடாவின் மகர், மாங்க் சமூகங்களின் சமையலைப் பற்றியது. தலைப்பே ஒரு குத்தல்: ‘அன்னம் பூரணப் பிரம்மம்’ என்று அங்கே சாப்பிடும்முன் சொல்வார்கள், இவர் ‘அன்னம் அபூரணப் பிரம்மம்’ என்று வைத்தார். ஆங்கிலத்தில் 2024இல் வந்தது. அதில் நெய் இல்லை, பால் பொருட்கள் பெரும்பாலும் இல்லை, மசாலாப் பட்டியல் மிகச் சின்னது. மாட்டுக்கறியை வாராக அறுத்து வெயிலில் காயப்போட்ட ‘சான்யா’, ரத்தம், குடல் எல்லாம் இருக்கிறது. படித்துக்கொண்டே வரும்போது எனக்கு எங்கள் ஆயாவின் உப்புக்கண்டக் கயிறு நினைவுக்கு வந்தது. இதற்கும் முன்பு, 2009இல், புனே பல்கலைக்கழகத்தின் பெண்ணிய ஆய்வு மையத்தில் சர்மிளா ரெகேயும் அவருடைய மாணவர்களும் தலித் பெண்களிடம் பேசி, உணவு நினைவுகளையும் செய்முறைகளையும் ஒரு சிறு நூலாகக் கொண்டு வந்தார்கள். ‘இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா?’ என்பது அதன் தலைப்பு. தமிழில் இப்படி முழுக்கச் சமையலுக்கென்றே ஒரு நூலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாமாவின் ‘கருக்கு’ வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம்முடைய தன்வரலாறுகளில் பசி இருக்கிறது, கறி இருக்கிறது, செய்முறை இல்லை.

பன்றி என்றதும் வருகிற அடுத்த கேள்வி, “அதைத் தின்றால் மூளையில் புழு வருமாமே?” பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழியே கேட்டிருக்கிறார். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். நாடாப்புழுவின் இளம் நிலை பன்றிக்கறிக்குள் இருக்கலாம். கறி சரியாக வேகாமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். அது உண்மை. அதற்குத்தான் பன்றிக்கறியை எப்போதும் நன்றாக வேகவைக்க வேண்டும் என்பது. ஆனால் மூளையில் வருகிற கட்டி வேறு வழியில் வருகிறது. அது புழுவின் முட்டையை விழுங்குவதால் வருவது. அந்த முட்டை இருப்பது பன்றிக்கறியில் இல்லை, புழு உள்ள மனிதரின் மலத்தில். அது கலந்த தண்ணீர், அந்தத் தண்ணீரில் கழுவிய கீரை, கழுவாத கை. வாழ்நாள் முழுக்கக் கறியே தொடாதவருக்கும் அது வரும், வந்திருக்கிறது. பன்றிக்கே அந்தப் புழு வருவது மனித மலத்தில் இருந்துதான். ஆக, இதில் குற்றவாளியைத் தேடினால் கழிப்பறை கட்டாத, சாக்கடையைத் திறந்து போட்ட, மலக்குழிக்குள் இன்னமும் ஆளை இறக்குகிற நிர்வாகத்திடம் போய் நிற்க வேண்டும். நாம் பன்றியிடமும், பன்றி தின்பவரிடமும் நின்றுவிட்டோம்.

ஒரே விலங்கு, யார் தட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மரியாதை மாறுவதையும் பாருங்கள். குடகில் ‘பந்தி கறி’ பெருமைக்குரிய விருந்து. கச்சம்புளி ஊற்றிக் கறுப்பாக வற்றவைத்து, கடம்புட்டு என்கிற அரிசி உருண்டையோடு பரிமாறுவார்கள். சுற்றுலாப் போனவர்கள் எல்லாம் படம் போடுகிறார்கள். ஏனென்றால் அது நிலமும் துப்பாக்கியும் வைத்திருந்த சமூகத்தின் உணவு, வேட்டையின் உணவு. கோவாவின் சொர்போத்தெல் பன்றிக்கறி, ஈரல், ரத்தம் சேர்த்து வினிகரில் செய்வது. அது ‘போர்த்துகீசிய மரபு’ என்ற பெயரில் நட்சத்திர விடுதிக்குள் போய்விட்டது. நாகா மக்களின் புகையூட்டிய பன்றிக்கறிக்கு அந்த அதிர்ஷ்டம் பாதிதான். 2007இல் டெல்லி காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கு ஒரு கையேடு போட்டது. அதில் மணம் வீசும் உணவைச் சமைத்து அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அறிவுரை இருந்தது. மூங்கில் குருத்தும் அக்குனியும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆன கதை அது. நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’யில் பன்றி பிடிக்கப் போகிற பையன், தான் விரும்பும் பெண் பார்த்துவிடுவாளோ என்று ஒளிகிறான். ‘மாமன்ன’னில் வருகிறவன் அதே பன்றியை வெளிப்படையாக வளர்க்கிறான். இரண்டு படத்துக்கும் நடுவே பத்து வருஷம். திரையில் அந்தத் தூரம் கடந்திருக்கிறது, தெருவில் அவ்வளவு கடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது சென்னையில் ஒரு புது வழக்கம். கரியில் வாட்டிய பன்றிக்கறி. மங்கலான விளக்குக்குக் கீழே, மரப்பலகை மேல் நாலு துண்டு, மேலே எள். அந்தத் தட்டின் விலைக்கு எங்கள் ஊரில் இரண்டு கிலோ கறி வாங்கலாம். அங்கே போய்த் தின்பவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் போயிருக்கிறேன், ருசியாகவே இருந்தது. ஆனால் அந்தக் கடை மெனுவில் அதன் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘பன்றிக்கறி’ என்று தமிழில் எழுதியிருந்தால் அதே ஆட்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்களா? கறியை ஏற்றுக்கொண்டவர்கள் அந்தச் சொல்லை இன்னும் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் எங்கள் மேல் வசையாக எறியப்பட்ட சொல் என்பதும் ஒரு காரணம்.

சரி, கேக்குக்கு வருவோம். கேக் பாவம், அதில் என்ன சாதி என்று கேட்பீர்கள்.

ரொட்டி, பிஸ்கட், கேக் மூன்றும் இங்கே வந்தபோது சாதி இந்துக்களுக்குப் பெரிய சங்கடம். மாவைத் தொட்டுப் பிசைந்தது யார் என்று தெரியாது. புளிக்க வைக்கக் கள் சேர்த்திருக்கலாம். முட்டை இருக்கிறது. ஆனால் ஆசை விடவில்லை. அதனால் என்ன செய்தார்கள்? 1898இல் டெல்லியில் ‘ஹிந்து பிஸ்கட் கம்பெனி’ என்றே ஒன்று தொடங்கியது, உயர்சாதிக் கைகளால் செய்யப்பட்டது என்பதையே விளம்பரமாகச் சொல்லி விற்றது. அதே 1898இல்தான் பெங்களூரு சிக்பேட்டையில் முதல் அய்யங்கார் பேக்கரி தொடங்கியதாகச் சொல்கிறார்கள். முட்டை இல்லாத கேக், முட்டை இல்லாத பிஸ்கட். இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊரின் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் ‘அய்யங்கார் பேக்கரி’ பலகை இருக்கும். 1957இல் திருவல்லிக்கேணியில் முரளி கபே பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். 2012இல் ஸ்ரீரங்கத்தில் அதே சொல்லுக்காகத் திராவிடர் கழகம் மறுபடியும் போராட வேண்டியிருந்தது. ஆனால் இந்த பேக்கரிப் பலகைக்குக் கீழே நின்று நாம் எல்லோரும் தேங்காய் பன் தின்றிருக்கிறோம். சாதிப் பெயர் சர்க்கரையோடு வந்தால் நமக்கும் உறைப்பதில்லை போலிருக்கிறது.

முட்டை இல்லை என்பதை ஒரு உணவு விருப்பமாகப் பார்த்தால் அதில் சண்டைக்கு ஒன்றுமில்லை. யாருக்குப் பிடிக்கவில்லையோ அவர் சாப்பிட வேண்டாம். பிரச்சினை அது பொதுவிதியாகும்போது வருகிறது. நான் படித்த ஒரு விடுதியில் மாணவிகளுக்கு ஒரு பொது மின்னடுப்பு இருந்தது. ஒருநாள் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு அதில் கேக் வைத்தோம். மறுநாள் அடுப்பின் மேல் அட்டை ஒட்டியிருந்தது: முட்டை, மாமிசம் வைக்கக் கூடாது. கையெழுத்து இல்லை, தேதி இல்லை, யார் முடிவு என்றும் இல்லை. கேட்டால் “சிலருக்கு மனக்கஷ்டம்” என்றார்கள். எங்கள் மனக்கஷ்டத்துக்கு அட்டை ஒட்ட இடம் கேட்டோம், கிடைக்கவில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஒரு உணவுக்கூடத்தில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். 2023இல் பம்பாய் ஐஐடியில் சைவர்களுக்கென்று மேசை ஒதுக்கியதை எதிர்த்து அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு சேரன்மாதேவி குருகுலத்தில் நடந்ததும் இதுதானே? பொதுப்பணத்தில் நடந்த இடத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப் பந்தி, தனித் தண்ணீர். வ.வே.சு. அய்யர் அதற்குச் சொன்ன சமாதானங்களும் யாருடைய மனமும் புண்படக் கூடாது என்ற வகையைச் சேர்ந்தவைதான்.

இதில் யாருக்கும் சந்தேகம் இருந்தால், காய்கறி மட்டுமே உள்ள சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைத்ததற்காக ஊரே திரண்டு எதிர்த்தது. அங்கே இருந்தது சோறும் குழம்பும். பன்றி இல்லை, மாடு இல்லை. அரிசி அதே அரிசி, பருப்பு அதே பருப்பு. கையைத்தான் எதிர்த்தார்கள். அதனால் ‘நாங்கள் உணவைத்தான் விலக்குகிறோம், மனிதரை அல்ல’ என்ற வாதத்தை நான் நம்புவதை விட்டு வெகுநாள் ஆகிறது.

2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்ததே, நினைவிருக்கிறதா? என் ஊருக்குப் பக்கம். அந்த ஊரில் மாட்டுக்கறி பிரியாணி விற்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திருவிழாவில் மட்டும் அதற்கு இடமில்லை. எதிர்ப்பு வந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள். மாட்டுக்கறியைச் சேர்ப்பதைவிட மழையை நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

இனி, எனக்கே பதில் தெளிவாக இல்லாத ஒரு விஷயம். ‘அப்படியானால் நம் சமையல் குறிப்புகளை எழுதிவிடலாம்’ என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் ஆரம்பித்தேன். முதலில் பெரியம்மாவிடம் போனேன். ரத்தப் பொரியல் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்குடி எழுதற? எவ்ளோ கஷ்டப்பட்டு அதையெல்லாம் உட்டுட்டு வந்தோம். கேக் எப்படிச் செய்யறதுன்னு எழுது, புள்ளைங்க கத்துக்கும்” என்றார். இதைத் ‘தாழ்வு மனப்பான்மை’ என்று தள்ளிவிட முடியாது. 1927இல் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் நம்மவர்களிடம் செத்த மாட்டின் கறியைத் தின்பதையும், வீசப்படும் மிச்சத்தை வாங்கித் தின்பதையும் விடச் சொன்னார். அது உணவைப் பற்றிய அறிவுரை இல்லை, யாருடைய கையிலிருந்து எந்த நிபந்தனையில் உணவு வருகிறது என்பதைப் பற்றியது. 1948இல் தீண்டாமையின் தோற்றம் பற்றி எழுதியபோது அவரே மாட்டிறைச்சியை மையத்தில் வைத்து, விலக்கியவர்களின் வரலாற்றைக் கேள்விக்கு உட்படுத்தினார். இந்த இரண்டு அம்பேத்கரையும் சேர்த்துத்தான் பெரியம்மாவின் பதிலைக் கேட்க வேண்டும். வேறு வழியில்லாமல் தின்றதை ‘பாரம்பரியம்’ என்று கொண்டாடி, அதற்கொரு மரப்பலகையும் எள்ளும் கொடுத்துவிட்டால், பட்ட பாட்டை அழகுபடுத்தியது ஆகிவிடும். எழுதாமல் விட்டால், மிச்சத்தில் இருந்து ஒரு ருசியை உண்டாக்கிய அவருடைய திறமை, கூலிவேலை முடித்து ஏழு மணிக்கு வந்து ஒரே சட்டியில் எட்டுப் பேருக்கு ஆக்கிப்போட்ட அந்தக் கணக்கு, அவரோடு போய்விடும்.

அதனால் இப்போதைக்கு இரண்டையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா கேக் நன்றாகச் செய்வார். கிறிஸ்துமஸுக்குத் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான். அவனெல்லாம் இல்லை. பழைய குக்கர். வாசரையும் வெயிட்டையும் எடுத்துவிடுவது, அடியில் ஒரு விரல் உயரம் ஆற்று மணலோ கல்லுப்போ பரப்புவது, பத்து நிமிடம் சூடேற்றுவது. ஒரு டம்ளர் மைதா, முக்கால் டம்ளர் சர்க்கரை, மூன்று முட்டை, அரை டம்ளர் எண்ணெய், ஒரு சின்னக் கரண்டி பேக்கிங் பவுடர், ஏலக்காய். முட்டையும் சர்க்கரையும் கை ஓயும்வரை அடிக்க வேண்டும், மாவு போட்டபின் அடிக்கவே கூடாது. சின்னத் தீயில் முக்கால் மணி. ஈர்க்குச்சி குத்தி ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம். நான் எழுதி வாசித்துக் காட்டியதும் அவர் சொன்ன ஒரே திருத்தம்: “மொட்டு மொட்டா முட்டைய அடிச்சது யாருன்னு எழுதலியே? உங்க மாமன் அடிச்சாருன்னு எழுது, இல்லன்னா ஒத்துக்க மாட்டாரு.” எனக்கு அந்தத் திருத்தம் ரொம்பப் பிடித்தது. செய்முறையில் ஆள் பெயர் வருகிறது. எங்கள் குறிப்புகள் எல்லாவற்றிலும் இனி அப்படித்தான்.

கடைசியாக இன்றைய சாப்பாட்டின் செய்முறை. பின்பக்கம் அடுப்பு எரிவதால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

பன்றிக்கறி, தோலோடும் கொழுப்போடும், ஐந்து கிலோ. விடியற்காலை நாலரை மணிக்கு வைக்கோலில் பொசுக்கிச் சுரண்டியது இரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். அவர்களுக்குக் கொடுத்த கூலியையும் செலவுக் கணக்கில் எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறோம், பாருங்கள். இரண்டு விரல் அகலத் துண்டு. இஞ்சி, பூண்டு அம்மியில் வைத்து அரைத்தது, காய்ந்த மிளகாய், மிளகு, மல்லி, மஞ்சள், உப்பு. அரைத்தவர்கள் இங்கே முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டு தோழர்கள். மசாலா தடவி மூன்று மணி நேரம் ஊற வைத்து, முதலில் சட்டியில் மூடி போட்டு அதன் கொழுப்பிலேயே முக்கால் வேக்காடு. இதைத் தவிர்க்கக் கூடாது. நேரே கரியில் போட்டால் மேலே கருகும், உள்ளே வேகாது. பிறகு கருவேலங்கரி, தணல் சாம்பல் பூத்த பிறகு, தோல் பக்கம் கீழே. கொழுப்பு சொட்டித் தீ எழும்பும்போது துண்டைத் தள்ளி வைக்க வேண்டும், தண்ணீர் தெளிக்கக் கூடாது. தோல் குமிழ் விட்டு மொறுமொறுப்பானதும் எடுத்து, உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்று ஒரு துண்டைப் பிளந்து பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், எலுமிச்சை. கேழ்வரகுக் களியும் இருக்கிறது.

முட்டை போடாத கேக்கும் ஒன்று செய்திருக்கிறோம், கேட்ட தோழருக்காக. அதே மேசையில்தான் இருக்கிறது.

கேள்விகளைச் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.